தக்காளி வண்டி பந்தயத்துக்குப் போன கதை

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயக்காரர்களுக்கு ஒரு வண்டி குறைந்தது. எங்கள் குழு பிறந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு மோட்டார் கிளப், எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் அடியில் மண் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. கம்பு நட்டுக் கயிறு கட்டிய பாதையில் ஜீப்புகளும் கார்களும் சாம்பல் நிறப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடின. சர்ச் முடிந்ததும் பாதி ஊர் வீட்டுக்குப் போகாமல் அங்கே வந்து நின்றது. நானும் என் வீட்டுக்காரரும்கூட பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தோம். வளைவுகளில் அடுக்குவதற்குப் பழைய டயர்கள் கேட்டிருந்தார்கள். அவற்றை ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பிக்கப் வண்டியில் ஏற்றி வந்தவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை.

அவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள். சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே ரோடு தெரியும். அவள் புருஷன் அந்த வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் தக்காளிப் பெட்டி சரிந்து அவர் முழங்காலில் விழுந்தது. ஆறு மாதம் கிளச்சை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் நாத்தனார் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். தோட்டங்களிலிருந்து கோலார் மண்டிக்கு விடிகாலை முதல் தக்காளி ஓட்டுபவர்களில் அவள் ஒருத்திதான் பெண். ஆறு மாதம் இரண்டு வருடமாகியும் சாவியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்றைய பந்தயத்தில் 'ஸ்டாக் பிக்கப்' என்று ஒரு பிரிவு இருந்தது. கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே, எந்த மாற்றமும் செய்யாமல் இருக்கும் சரக்கு வண்டிகளுக்கான பிரிவு. குறைந்தது மூன்று வண்டிகள் இருந்தால்தான் அதை நடத்தலாம் என்பது விதி. வந்திருந்தவை இரண்டு. கிளப்காரர் ஒருவர் நாத்தனாரின் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

"சார், உங்க வண்டியைச் சும்மா ஒரு ரவுண்டு ஓட்ட முடியுமா?"

"வண்டி என்னுது இல்லைங்க. டிரைவர் அதோ."

நாத்தனார் டயர் குவியலின் மேல் நின்றபடியே கையைத் தூக்கினாள். "இன்னா வோணும்?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, இன்னா சொல்றீங்க?"

"ஒரு ரவுண்டுதானே, போயிட்டு வா" என்றேன். என் வாழ்க்கையிலேயே யோசிக்காமல் சொன்ன வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

வண்டிக்குள் ஆடும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு அதிகாரி வந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். இரண்டு ஸ்பேனர், சாப்பாட்டு டப்பா, ஜெப மாலை போலத் தொங்கிய காய்ந்த மல்லிகைச் சரம், ஒற்றைச் செருப்பு, பாதி விக்ஸ் டப்பா என்று ஒவ்வொன்றாக வந்தன. சீட்டுக்கு அடியிலிருந்து ஐந்தாறு தக்காளி உருண்டன. கடைசியில் தலையணை. அதையும் எடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. "அத்த எடுத்தா நான் ரோட்ட பாக்க மாட்டேன், வானத்தத்தான் பாப்பேன்" என்றாள் நாத்தனார். கூட்டம் சிரித்தது. கடைசியில் தலையணையைக் கயிறு போட்டு சீட்டோடு இறுக்கிக் கட்டி அனுமதித்தார்கள்.

மற்ற இரண்டு வண்டிகளையும் ஓட்டியவர்கள் பந்தயச் சட்டை போட்டவர்கள். இவள் சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஜாக்கெட்டும், தலையில் ஆடிய இரவல் ஹெல்மெட்டுமாகப் போனாள். முதல் நேர்ப்பாதையில் அவள் போன வேகத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்டிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேரத் தினமும் குண்டும் குழியுமான ரோட்டில் முட்டி மோதுபவளுக்கு அந்த மைதானம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மூன்றாவது வளைவில் இடது பக்கம் திரும்ப வேண்டியவள் வலது பக்கம் திரும்பி, கயிற்றை அறுத்துக்கொண்டு, மேட்டோரம் ஐஸ் விற்றவரின் சைக்கிள் பக்கத்தில் போய் நின்றாள். அவரிடம் வழி கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மூன்று வண்டிகளில் மூன்றாவது இடம்.

கிளப்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "நீங்க தொலைஞ்சு போகாம இருந்திருந்தா முதல் இடம்மா. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து வழி சொன்னா போதும்."

பதிவுத் தாளில் குழுவின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதியவருக்கு எந்தப் பெயர் போடுவதென்று தெரியவில்லை. "எந்த ஊரும்மா?" என்று கேட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நாங்கள் 'மாரிகுப்பம்' ஆனோம். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் ஒவ்வொரு இடத்திலும் அதை ஒவ்வொரு விதமாகச் சொல்வார். ஒருமுறை 'மேரி காப்பம்' என்றுகூடக் கூப்பிட்டார்கள்.

வழி சொல்ல என்னைத்தான் பிடித்தாள். காரணம் என் தொண்டை. பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனையின் பதிவு மேசையில் எனக்கு வேலை. மைக் கெட்டுப்போனால் நானே எழுந்து நின்று கூப்பிடுவேன், மூன்றாவது மாடியிலிருந்துகூட ஆள் இறங்கி வந்துவிடும். வீட்டில் நான் மெதுவாகப் பேசினால் எனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"அண்ணி, வண்டி சத்தத்துல உங்க குரலு ஒண்ணுதான் எனக்குக் கேக்கும்" என்றாள்.

"எனக்கு வாந்தி வரும்."

"வரட்டும். வாந்தியெடுத்துகினே சொல்லுங்க."

பெரிய பந்தயங்களில் ஒரே மைதானத்தில் சுற்றுவதில்லை. காட்டுப் பாதையிலும் மண் சாலையிலும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். நேரம்தான் கணக்கு. முந்தைய நாள் அதே பாதையில் மெதுவாகப் போய், எந்த வளைவு எப்படி இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளலாம். மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துப் படிக்கப் படிக்க, ஓட்டுபவர் அடுத்து வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் தெரிந்துகொள்வார். எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் முயன்றோம். 'லெப்ட்' என்று நான் சொல்லி, அது அவள் மண்டையில் ஏறி, கைக்கு வருவதற்குள் வளைவு போய்விடும். பிறகு எங்கள் வாயில் வரும் வார்த்தைகளிலேயே எழுதினேன். திரும்புவதற்கு 'இடம்', 'வலம்', அதோடு வளைவு எவ்வளவு கூர்மை என்று ஒரு எண். நேராகத் தட்டையாகப் போகும் பாதைக்கு 'லெவல்', அது எத்தனை மீட்டர் என்று ஒரு எண். திடீரென்று வரும் பள்ளத்துக்கு 'ஷாப்ட்'. எங்கள் இரண்டு பேர் அப்பாக்களும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். அந்த வார்த்தைகளைக் கேட்டால் எங்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. 'ஷாப்ட்' என்றால் அவள் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

வாந்தி ஒரு மாதத்தில் நின்றது. அதற்கு ரயிலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். விடிகாலை மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூர் போகும்வரை பெண்கள் பெட்டியில் நான் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படித்துப் பழகினேன். முதலில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பங்காருபேட்டையில் ஏறும் ஒரு அம்மா, "இன்னாக்கா, ஜெபமா?" என்று கேட்டார். விவரம் சொன்னதும் பெட்டியே சேர்ந்துகொண்டது. ஒருத்தி செல்போனில் நேரம் பார்ப்பாள். ஒருத்தி வேண்டுமென்றே என் தோளைப் பிடித்து ஆட்டுவாள், ஆடினாலும் வரி தப்பாமல் படிக்கிறேனா என்று பார்க்க. மாலூர் தாண்டுவதற்குள் ஒரு பந்தயமே முடிந்துவிடும். 'இடம் மூணு, லெவல் நூறு, ஷாப்ட், வலம் ரெண்டு' என்று நான் ஆரம்பித்தால் பாதிப் பெட்டி என்னோடு சேர்ந்து சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

குழுவில் மற்ற இரண்டு பேர், எங்கள் இருவரின் கணவர்மார்கள். என் வீட்டுக்காரர் ராபர்ட்சன்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பு அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். நாத்தனாரின் கணவர் பங்காருபேட்டைத் தெலுங்குக்காரர். முழங்கால் கொஞ்சம் மடங்காமல் போனாலும் நாக்கு மூன்று மொழியில் மடங்கும். எங்கே போனாலும் தங்க இடம், வண்டிக்கு நிழல், எங்களுக்கு டீ எல்லாம் பத்து நிமிடத்தில் ஏற்பாடு செய்துவிடுவார். முதல் பந்தயத்திலேயே அவருக்கு மேனேஜர் என்று பெயர் வந்துவிட்டது. இங்கேயும் அவரை அப்படியே சொல்கிறேன்.

பாதுகாப்புக்காக வண்டிக்குள் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்ட வேண்டும். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் இருக்க. ஸ்டாக் வண்டியிலும் அதற்கு மட்டும் அனுமதி உண்டு. அதை 'கேஜ்' என்பார்கள். என் வீட்டுக்காரர் அதை வெல்டிங் செய்துகொண்டிருந்தபோது மேனேஜர் வந்து பார்த்தார்.

"ஏமி மச்சான், இது?"

"கேஜ், மச்சான். எங்கப்பா சொரங்கத்துல கேஜ்ல கீழ எறங்கினாரு. என் தங்கச்சி கேஜ்ல மேல ஏறப்போறா."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் இரண்டு முறை சுத்தியலால் தட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். தங்கைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்கு அவ்வளவு பயம். அந்தப் பயம்தான் எங்களை ஒரு பெரிய வம்பில் மாட்டிவிட்டது.

இரண்டாவது வருடம் கோலார் பக்கத்து மண் சாலைகளில் ஒரு பந்தயம். எங்கள் பிரிவில் ஏழு வண்டிகள். நாத்தனாருக்கு அதற்குள் பந்தயச் சட்டை தைத்திருந்தோம். கால் சின்னது என்பதால் ஷூ மட்டும் கிடைக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிக் கறுப்பு மையடித்துப் போட்டிருந்தாள். அன்று வண்டி மழைத் தண்ணீர் போல ஓடியது. குண்டில் இறங்கினால் குதிக்காமல் ஏறியது. வளைவில் பின்பக்கம் ஆடவே இல்லை. மாலையில் பலகையில் எழுதினார்கள்: முதல் இடம் மாரிகுப்பம்.

ரயில் பெட்டியிலிருந்து பதினோரு பெண்கள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களைத் தூக்க முடியாமல் அவர்களும் விழுந்து நாங்களும் விழுந்தோம். மேனேஜர் ஒலிபெருக்கிக்காரரிடம் போய், ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஜெயித்த வண்டிகளைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். பரிசோதகர் சென்னைக்காரர், மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு சின்ன வளையம் இருந்தது. பின்பக்க ஸ்பிரிங் பட்டை கோத்திருக்கும் இடத்தில் கம்பெனி 'புஷ்' என்ற ரப்பர் வளையம் போட்டிருக்கும். இது பித்தளை நிறத்தில் மின்னியது.

"இதை யார் செஞ்சது?"

என் வீட்டுக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. "நான்தான் சார்."

பரிசோதகர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். "வேலை ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது கம்பெனி வேலை இல்லையே."

அவ்வளவுதான். பலகையிலிருந்து எங்கள் பெயரை அழித்தார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் முதலிடத்துக்குப் போனார்கள். அவர்கள் பாவம், எங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்பது போல நின்றார்கள். பதினோரு பெண்களும் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்கள். 

"ரப்பர் தேஞ்சு போயிருந்திச்சி" என்றார் என் வீட்டுக்காரர் தங்கையிடம். "வளைவுல ஒதறி, வண்டி கவுந்துடப் போகுதேன்னு..."

"புது ரப்பர் போட்டிருக்கலாம் இல்ல?"

"நான் செய்யறது அதைவிட நல்லா இருக்கும்னு..."

 அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.  மூன்று மொழி மேனேஜருக்கும் அன்று ஒரு மொழிகூட வரவில்லை.

ஒரு வாரம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் தப்பு செய்தார் என்பதைவிட, அவர் நன்றாகச் செய்தது தப்பாகிப் போனதுதான் அவரை வருத்தியது.  அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் நாத்தனார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கூடை தக்காளி. அதை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உன்னால ஒரு வண்டியத் தொடாம இருக்க முடியுமா?"

"தொடாம எப்படி மெக்கானிக் வேலை பாக்கறது?"

"தொடு. ஆனா மாத்தாத. கம்பெனிக்காரன் எப்படி நெனச்சானோ அப்படியே வெச்சிரு. அவன் நெனச்சது நூத்துக்கு நூறு அந்த வண்டியில இருக்கணும். அது ஒண்ணு போதும் எனக்கு. மீதிய நான் பாத்துக்கறேன்."

 "வண்டியோட கம்பெனி புத்தகம் எங்க கீது?" என்று கேட்டார் அவர்.  அந்தக் கூடைத் தக்காளியை முழுக்க ரசமாகவும் தொக்காகவும் ஆக்கினேன். மேனேஜரையும் கூப்பிட்டனுப்பினோம்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தை வேதம் படிப்பது போலப் படித்தார். ஒவ்வொரு நட்டையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அவ்வளவுதான் இறுக்குவார், அரைக் கால் திருப்புகூட அதிகம் இல்லை. ரப்பர் தேய்வதற்கு முன்பே மாற்றுவார், கம்பெனி ரப்பரையே. புதுசாக வாங்கி வந்த ஒரு டப்பா புஷ்ஷில் சரியான அளவில் இருக்கும் இரண்டை எடுக்க அரை நாள் அளந்துகொண்டிருப்பார். மற்ற குழுக்காரர்கள் எங்கள் வண்டியில் என்னவோ மாயம் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். மாயம் என்று எதுவும் இல்லை. புது வண்டி ஷோரூமிலிருந்து வரும் நாளில் எப்படி இருக்குமோ அப்படி எங்கள் பழைய வண்டி எல்லா நாளும் இருந்தது.

இரண்டு பந்தயங்களில் மூன்றாவதாக வந்தோம், ஒன்றில் இரண்டாவதாக. அப்போது கோலாரில் வண்டி விற்கும் ஒரு கடைக்காரர் எங்களைத் தேடி வந்தார். பந்தயத்துக்கென்றே ஒரு புது பிக்கப்பைத் தருகிறேன், வருடம் முழுக்க ஓட்டுங்கள், செலவு என்னுடையது என்றார். அதாவது நாத்தனாருக்கு இனிமேல் இதுதான் தொழில். நாத்தனார் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ தக்காளிய யாரு ஓட்டுவாங்க?"

மேனேஜர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "நேனு உன்னானு கதா. நான் இல்லியா?" இத்தனை வருடம் கழித்து அவர் பழைய வண்டியின் சாவியைக் கையில் வாங்கினார். வாங்கிய மறுநிமிடம் சீட்டிலிருந்து அந்தத் தலையணையை அவிழ்த்து அவள் மடியில் போட்டார். "இத்த உன் புது வண்டிக்கு எடுத்துனு போ. இதுல உக்காந்தா என் தலை கூரையில இடிக்குது."

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்தது. மண் சாலைகளும் தென்னந்தோப்புகளும். முதல் நாள் முடிவில் நாங்கள் இரண்டாவது இடம், முதல் வண்டிக்கு எட்டு வினாடி பின்னால். இரண்டாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. மண் சேறானது. எல்லோரும் மெதுவாகப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும் சேற்றைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணி, ஆடி மாசத்துல நம்ப தோட்டத்து ரோடு இப்படித்தானே கீது?"

கடைசிப் பாதை பதினான்கு கிலோமீட்டர். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக்கில் நான் பேசுவேன், அவள் ஹெல்மெட்டில் கேட்கும். கிளம்பி மூன்று கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. ஒரு ஓடையில் இறங்கி ஏறியபோது தண்ணீர் உள்ளே அடித்தது. அவள் கையை ஆட்டினாள். "கேக்கல! அண்ணி, கேக்கல!"

மைக் செத்துப் போயிருந்தது. எஞ்சின் அலறுகிறது. கூரையில் மழை கொட்டுகிறது. தகரத்தில் கற்கள் அடிக்கின்றன. ஒரு வினாடி எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றியது. பிறகு மருத்துவமனையில் மைக் கெட்டுப்போன நாட்களில் செய்வதையே செய்தேன். வயிற்றிலிருந்து கத்தினேன்.

"வலம் ரெண்டு! லெவல் எண்பது! ஷாப்ட்! ஷாப்ட்!"

அவள் தலையை ஆட்டினாள். கேட்டுவிட்டது. மீதி பதினொரு கிலோமீட்டரும் கத்தினேன். நோட்டுத் தாள் நனைந்து ஒட்டிக்கொண்ட இடங்களில் மனப்பாடத்தில் சொன்னேன். நோட்டு எழுதப் போனபோது எங்கே கோவில் இருந்தது, எங்கே மாடு கட்டியிருந்தது என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். "மாட்டுக்கொட்டா தாண்டி இடம் மூணு!" என்று நான் கத்திய இடத்தில் பாதையைக் கண்காணிக்க ஓரமாக நின்ற ஒரு மார்ஷல், எல்லை கடந்ததும் எங்களைத் தேடி வந்து சொன்னார்: வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே என் குரல் அவருக்குக் கேட்டுவிட்டதாம். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தொண்டை இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்தக் கடைசிப் பாதையில் முதல் வண்டியைவிடப் பதினோரு வினாடி வேகமாக வந்திருந்தோம். எட்டைக் கழித்தால் மூன்று வினாடி முன்னால்.

நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேறு. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆனால் மேனேஜர் ஆடவில்லை, கத்தவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டுமே.

வந்தவர் அதே சென்னைப் பரிசோதகர். ஒரு கொட்டகைக்கு அடியில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒன்று விடாமல் கழற்றினார்கள். பட்டை, புஷ், பிரேக், எஞ்சின் தலை வரைக்கும். நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றோம். மழை நின்று வெயில் வந்தது. என் வீட்டுக்காரர் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதையும் தொட்டுவிடக் கூடாது என்பது போல. இரண்டு மணி நேரம் கழித்து பரிசோதகர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நேராக அவரிடம் போனார்.

"இந்த வண்டியில நீங்க ஒண்ணுமே செய்யலியா?"

"ஒண்ணுமே செய்யலீங்க சார்."

"நான் இத்தனை வருஷத்துல பாத்ததுலயே நல்லா ஒண்ணுமே செய்யாத வண்டி இதுதான்" என்று சொல்லிக் கை கொடுத்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என் வீட்டுக்காரர் அந்தக் கையை விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார். நாத்தனார்தான் போய் விடுவித்தாள்.

கோப்பையை மேனேஜர் மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரைக்கும் வந்தார். எனக்கு ஒரு வாரம் குரலே இல்லை. மருத்துவமனையில் சீட்டில் எழுதிக் காட்டித்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். ரயிலில் பெண்கள், நடந்ததைச் சொல்லச் சொல்லித் தொந்தரவு செய்தார்கள். கைச்சாடையில் நான் காட்டக் காட்ட, அவர்களே ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டிக்கொண்டார்கள். ஒயிட்பீல்டில் இறங்கும் ஒருத்தி சொன்ன கதையில் ஓடை ஆறாகிவிட்டது, மாடு யானையாகிவிட்டது. நான் திருத்தவில்லை. திருத்தக் குரல் இல்லை, மனமும் இல்லை.

இந்த வருடம் கடைக்காரர் இரண்டாவது பிக்கப்பும் தந்திருக்கிறார். அதற்கு ஓட்டுநர் வேண்டும். மேனேஜர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். தோள் அகலமான லாரிக்காரர்கள் நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வந்தது ஸ்கெலட்டன் லைன் என்ற பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்து ஒரு பெண். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். இருபது பிள்ளைகளைப் பன்னிரண்டு வருடமாக ஏற்றி இறக்குகிறாளாம். ஒரு சிராய்ப்புகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னாள். நாத்தனார் என் காதில், "சிராய்ப்பு இல்லாம எப்படிப் பந்தயம் ஓட்டுவா?" என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டோரம் கம்பு நட்டு அவளுக்கு ஒரு பாதை போட்டோம். முதலில் நாத்தனார் ஓட்டிக் காட்டினாள். பிறகு வேன்காரப் பெண்ணின் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவள் பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், பிறகு கிளம்பினாள். நான் "இடம் ரெண்டு" என்றதும் இண்டிகேட்டர் போட்டாள். அந்த வெட்ட வெளியில், எதிரில் ஓர் ஆடுகூட இல்லாத இடத்தில், டிக் டிக் என்று விளக்கு எரிய எரியத் திரும்பினாள். அடுத்த வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தாள். எனக்குச் சிரிப்பு தாங்காமல் இரண்டு வரி படிக்கத் தவறிவிட்டேன். "அக்கா, இன்னா ஆச்சு? சொல்லுங்க, சொல்லுங்க" என்று அவள் பதறினாள்.

ஓடி முடித்து வந்து நின்றோம். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், உதறினார், மறுபடி பார்த்தார். நாத்தனாரிடம் நீட்டினார். அவள் தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"என்னவிட ஒரு வினாடிதான் லேட்டு. ஹாரன் அடிச்சிகினே."

"மச்சான் அமுக்கறதுல தப்பு பண்ணியிருப்பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நேனா? தப்பா?" என்று மேனேஜர் சண்டைக்குப் போனார்.

வேன்காரப் பெண் ஒன்றும் புரியாமல் இண்டிகேட்டரை அணைத்தாள். நாத்தனார் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி, எறங்காதீங்க. இன்னொரு ரவுண்டு ஓட்டட்டும். இந்தத் தடவை சிரிக்காம படிங்க."